கார் யார் கையில் இருக்கிறது?

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

‘ஊர் மாறும்போது காரை எப்படி அனுப்புவது’ என்று கால் மணி நேரம் பேசச் சொன்னார் செயலாளர். கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. நம் மூன்று பிளாக்கிலும் சேர்த்து இந்த ஓராண்டில் நான்கு குடும்பங்கள் புனே, குருகிராம் என்று கிளம்பிவிட்டன. இன்னும் இரண்டு வீடுகளில் அட்டைப் பெட்டி வந்து இறங்கியிருப்பதை லிஃப்டில் பார்த்தேன். முப்பது வருஷம் பொதுக் காப்பீட்டில் மோட்டார் கிளைம் மேசையில் உட்கார்ந்தவன் நான். அங்கே பார்த்ததை வைத்துப் பேசுகிறேன்.

முதலில் ஒன்று. பெங்களூருக்கு 350 கிலோமீட்டர்தான். அதற்கெல்லாம் யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள், காலையில் ஃபில்டர் காபி குடித்துவிட்டு நீங்களே ஓட்டிக்கொண்டு போங்கள். ஹைதராபாத் வரைக்கும்கூட அதுதான் என் கட்சி. கொல்கத்தா, டெல்லி என்றால் கதை வேறு. டெல்லி இங்கிருந்து ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர். அறுபது வயதுக்கு மேல் அந்தச் சாகசம் தேவையில்லை.

ரயிலில் அனுப்ப முடியாதா என்று சிலர் கேட்டீர்கள். வாலாஜாபாத்திலிருந்து ரயில் ரயிலாகக் கார்கள் போவது உண்மைதான், ஆனால் அது தொழிற்சாலைகளின் மொத்தச் சரக்கு. நம்மைப் போன்றவர்களுக்கான ஏற்பாட்டை 2025 ஆகஸ்டில் விநாயகர் சதுர்த்தி சமயத்தில் கொங்கண் ரயில்வே தொடங்கியது. மகாராஷ்டிரத்தின் கோலாடிலிருந்து கோவாவின் வெர்ணா வரை, ஒரு நடைக்கு 40 கார், காருக்கு 7,875 ரூபாய். நம் பக்கம் அப்படி ஒன்று வரும்வரை லாரிதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போனில் விலை சொல்பவர் ஒருவர். வீட்டு வாசலுக்கு வந்து சாவி வாங்குபவர் வேறொருவர். டிரெய்லர் மூன்றாமவருடையது. போய்ச் சேரும் ஊரில் இறக்கிக் கொண்டுவந்து தருபவர் நான்காமவர். நீங்கள் பணம் கட்டியது முதல் ஆளிடம், ஆனால் உங்கள் கார் பெரும்பாலும் மற்ற மூவர் கையில்தான் இருக்கும்.

எட்டு கார் ஏற்றும் கண்டெய்னர் லாரி மயிலாப்பூர் மாடவீதிக்குள் நுழையுமா? தி.நகரில் திரும்புமா? ஆகவே, ‘டோர் டு டோர்’ என்றால் ஒரு டிரைவர் வந்து உங்கள் காரைப் பூந்தமல்லி பக்கமோ மாதவரம் பக்கமோ உள்ள யார்டுக்கு ஓட்டிப் போவார் என்று அர்த்தம். லாரி வரும்வரை கார் அங்கே வெயிலில் நிற்கும். அடி படுவது பெரும்பாலும் நெடுஞ்சாலையில் அல்ல. இப்படி ஓட்டிப்போகும்போதும், ஏற்றும்போதும் இறக்கும்போதும்தான்.

பி பிளாக் நண்பர் ஒருவர் அனுமதி கொடுத்ததால் சொல்கிறேன். அவர் கார் புனே போய்ச் சேர்ந்தபோது முன் பம்பரில் விரிசல், மீட்டரில் 140 கிலோமீட்டர் கூடுதல். ‘விரிசல் முன்பே இருந்தது’ என்றார்கள். சாவி கொடுத்த அன்று கையெழுத்துப் போட்ட தாளில் காரின் நிலை பற்றிய கட்டங்கள் எல்லாம் காலி. போட்டோ ஒன்றுகூட இல்லை. அவர் பக்கம் நியாயம் இருக்கிறது, ஆனால் நியாயத்தைக் காட்டத் தாள் இல்லை. நான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாலும் கிளைமைப் பாஸ் செய்திருக்க முடியாது.

எனவே சாவி கொடுக்கும் முன் காரைக் கழுவுங்கள், அழுக்கில் கீறல் தெரியாது. பகல் வெளிச்சத்தில் நான்கு பக்கமும், கூரை, கண்ணாடி, டயர், மீட்டர் எல்லாவற்றையும் வீடியோ எடுங்கள். வந்திருக்கும் டிரைவரும் அதில் தெரியட்டும். ஏற்கெனவே உள்ள கீறலை நீங்களே தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பெட்ரோல் கால் டேங்குக்கு மேல் வேண்டாம். ஃபாஸ்டேக்கைக் கழற்றிவிடுங்கள் அல்லது மூடிவிடுங்கள், லாரி மேல் நிற்கும் காரின் டேக்கை டோல் கருவி படித்துவிடக்கூடும். குக்கர், மெத்தை என்று டிக்கியை நிரப்பாதீர்கள். அவை தொலைந்தால் மோட்டார் பாலிசி பைசா தராது.

மோட்டார் பாலிசி என்றதும் பலருக்குத் தெரியாத ஒரு செய்தி. உங்கள் முழுக் காப்பீட்டுப் பாலிசியின் முதல் பிரிவை எடுத்துப் படியுங்கள். தீ, திருட்டு, வெள்ளம் என்று போகும் பட்டியலில், சாலை, ரயில், உள்நாட்டு நீர்வழி, லிஃப்ட், விமானம் வழியே கொண்டுசெல்லப்படும்போது ஏற்படும் சேதமும் இருக்கும். லாரி மேல் கார் போனாலும் உங்கள் பாலிசி கூடவே போகிறது. ஆனால் கிளைம் செய்தால் நோ கிளைம் போனஸ் போகும், தேய்மானம் கழிப்பார்கள். பட்டியலில் கடல் இல்லை என்பதையும் கவனியுங்கள். அந்தமானுக்குக் கப்பலில் அனுப்புகிறவர்களுக்குத் தனியாக மரைன் பாலிசி வேண்டும். நம் பார்க்கிங்கில் நிற்கும் பழைய கார்களில் பல வெறும் தேர்ட் பார்ட்டி என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கு இதில் ஒன்றுமே கிடையாது.

‘இன்ஷூரன்ஸ் நாங்களே போட்டுவிடுகிறோம் சார்’ என்று காரின் மதிப்பில் இத்தனை சதவீதம் என்று வாங்குவார்கள். மூவர்ஸ் என்பது காப்பீட்டு நிறுவனம் அல்ல. காப்பீட்டு நிறுவனம் கொடுத்த சான்றிதழில் உங்கள் பெயரும் வண்டி எண்ணும் இருக்க வேண்டும். சாவி கொடுக்கும் முன் அதை வாங்குங்கள். ‘பில்லிலேயே சேர்த்திருக்கிறோம்’ என்பது சான்றிதழ் ஆகாது.

அடுத்தது சட்டம். சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2007. அதன் 2011 விதிகளின்படி, நீங்கள் மதிப்பைக் குறிப்பிட்டு அதற்கான கூடுதல் கட்டணம் கட்டாவிட்டால், லாரிக்காரரின் பொறுப்பு வாடகையைப் போல் பத்து மடங்குதான். வாடகை 18,000 ரூபாய் என்றால் 1,80,000. கார் ஒன்பது லட்சம் பெறும் என்றாலும் அவ்வளவுதான். ஆகையால் சரக்குச் சீட்டில் காரின் மதிப்பை எழுதச் சொல்லுங்கள். இந்தச் சட்டப்படி வழக்குப் போடுவதற்கு முன், பதிவு செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சண்டை போட்டே ஆறு மாதத்தைக் கழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நடுவழியில் போன் வரும்: ‘செக்போஸ்டில் வரி கேட்கிறார்கள், எட்டாயிரம் அனுப்புங்கள், இல்லாவிட்டால் வண்டி நகராது.’ நுழைவு வரி 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி.யோடு போய்விட்டது. பயன்படுத்திய வீட்டுச் சாமான்களுக்கு இ-வே பில்லும் தேவையில்லை. ‘ரசீதை அனுப்புங்கள், பார்க்கிறேன்’ என்று மட்டும் சொல்லுங்கள். பாதிக்கு மேல் முன்பணம் கொடுக்காமல் இருந்தால்தான் அப்படிச் சொல்லும் தைரியமும் வரும். நுகர்வோர் உதவி எண் 1915. 2019 சட்டப்படி, நீங்கள் குடிபோன ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், இதற்காகச் சென்னைக்கு ஓடிவர வேண்டியதில்லை. கொடுத்த கட்டணம் ஐந்து லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணமும் இல்லை.

கார் ஒரு வாரத்தில் போய்விடும், நம்பர் பிளேட் அவ்வளவு சீக்கிரம் நகராது. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புது எண் வாங்க வேண்டும். அதற்கு இங்கிருந்து என்.ஓ.சி., படிவம் 28. டி.என். 06 என்றால் மந்தைவெளி, 07 என்றால் திருவான்மியூர், 09 என்றால் கே.கே. நகர் அலுவலகம். கடன் பாக்கி இருந்தால் வங்கியின் சம்மதம் வேண்டும், போக்குவரத்து அபராதம் எதுவும் நிலுவையில் இருக்கக் கூடாது. போகும் முன்பே வாங்கிவிடுங்கள். போன பிறகு இதற்காக விமானம் ஏறி வருவதற்கு ஆகும் செலவு காரை அனுப்பிய செலவை எட்டிவிடும். அங்கே புதிதாக வரி கட்டிய பிறகு, இங்கே கட்டிய வாழ்நாள் வரியில் மீதிக் காலத்துக்கானதைத் திரும்பக் கேட்கலாம், புது ஆர்.சி. நகல் தேவைப்படும்.

மூன்று வருஷத்துக்கு ஒரு முறை மாற்றல் ஆகும் பிள்ளைகள் இருந்தால், 2021 செப்டம்பரில் வந்த பி.எச். வரிசைப் பதிவைப் பற்றிச் சொல்லுங்கள். அரசு ஊழியர்களுக்கும், நான்கு மாநிலங்களிலாவது அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்களுக்கும் உரியது. வரியை இரண்டிரண்டு ஆண்டாகக் கட்டலாம், மாநிலம் மாறினாலும் எண் மாறாது.

பத்து வருஷத்தைத் தாண்டிய டீசல் காரை டெல்லிக்குக் கொண்டுபோகப் போகிறேன் என்று யாராவது சொன்னால், முதலில் என் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். அங்கே பழைய வண்டிகள் பற்றிய உத்தரவுகள் 2015 முதல் தொடர்ந்து மாறிக்கொண்டிருக்கின்றன. பழைய காருக்கு லாரி வாடகை கட்டுவதைவிட, இங்கேயே விற்றுவிட்டு அங்கே போய் ஒன்று வாங்குவது பல சமயம் லாபம். விற்றாலும் ஆர்.சி.யில் பெயர் மாறும்வரை விடாதீர்கள்.

பாலிசி நகல் கொண்டுவந்திருப்பவர்கள் காட்டுங்கள், முதல் பிரிவைச் சேர்ந்தே படித்துவிடலாம்.