நான் எழுதிய முதற் கணக்கு

வணிகவியல் பயின்றவன் என்ற முறையில் மாணவ நண்பர்களுக்கு ஏதேனும் சொல்லவேண்டும் என்று இந்நிலையத்தார் கேட்டபோது சற்றுத் தயங்கினேன். வணிகத்தால் பெரும்பொருள் ஈட்டியவன் அல்லேன் நான். போதாக்குறைக்கு, நான் எழுதிய முதற் கணக்கே பொய்த்துப்போன கணக்கு. அதைப் பற்றியே பேசலாமா என்று வினவினேன். தாராளமாகப் பேசுங்கள் என்றார்கள்.

எங்கள் தோட்டம் பழனி மலைத்தொடரின் கீழ்ப்பகுதியில், பாச்சலூருக்கு அருகில் இருக்கிறது. கோடைக்கானல் மலை என்றதும் நேயர்களின் நினைவுக்கு ஏரியும் படகும் பனிமூட்டமும் வரும். அந்த ஏரி 1863-ஆம் ஆண்டில் லெவிஞ்சு என்னும் ஆங்கில அதிகாரியின் முயற்சியால் அமைந்தது. எங்கள் ஊருக்கும் அதற்கும் வெகுதூரம். பயணிகள் அதிகம் எட்டிப் பார்க்காத மலை எங்களுடையது. காப்பிச் செடியும், அதற்கு நிழல் தரும் வாழையும், மரத்தைப் பற்றி ஏறும் மிளகுமே அங்குள்ள காட்சி. தோட்டத்திலிருந்து சாலைவரை வாழைத்தாரைச் சுமந்து வருவது பொதிக்குதிரை.

1988-ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், ஒரு தகரப் பெட்டியுடன் மலையிறங்கி, ஒட்டன்சத்திரத்தில் பேருந்து மாறிப் பழனிக்கு வந்து சேர்ந்தேன். பழனி தேவஸ்தானம் 1960-இல் தொடங்கிய அருள்மிகு பழனியாண்டவர் கலை பண்பாட்டுக் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. எங்கள் மலைப்பள்ளியில் மொத்தம் எத்தனை பிள்ளைகளோ, அத்தனை பேர் இங்கே ஒரே வகுப்பறையில் அமர்ந்திருந்தார்கள். முதல் வாரம் முழுவதும் என் வகுப்பறை எது என்று பிறரைக் கேட்டே நடந்தேன். கேட்பதற்கும் வெட்கம், கேட்காவிட்டால் வேறு பாடத்தில் போய் உட்கார்ந்துவிடும் அபாயம்! ஒருநாள் அவ்வாறே வரலாற்று வகுப்பில் அமர்ந்து, பானிப்பட்டுப் போர் முடியும்வரை எழுந்திருக்க வழியின்றி இருந்தேன்.

கல்லூரி பெரிது, ஊரோ சிறிது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேகூடப் பழனி நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 70,000 தான். ஆனால் வணிகம் படிக்கும் மாணவனுக்கு இதைவிடச் சிறந்த ஊர் அமைவது அரிது. ஏன் தெரியுமா? அங்கே கடைத்தெருவின் ஆண்டு 365 நாட்களைக் கொண்டதன்று. தைப்பூசத்தையும் பங்குனி உத்திரத்தையும் ஒட்டிய சில வாரங்களிலேயே ஆண்டின் வரவில் பெரும்பகுதியைப் பார்த்துவிடவேண்டும். காரைக்குடிப் பக்கத்திலிருந்து நகரத்தார் காவடியேந்திக் கால்நடையாக வருவதும், பங்குனியில் அடியார்கள் கொடுமுடியிலிருந்து காவிரித் தீர்த்தம் சுமந்து வருவதும் பக்தியின் செயல்கள். அவர்கள் வரும் நாளை எண்ணி அடிவாரத்தில் சரக்கு வாங்கி வைப்பது வணிகத்தின் செயல். குதிரை வண்டிக்காரர் முதல் விடுதிக்காரர் வரையில், பருவகால வாணிபம் என்பதைப் புத்தகம் இன்றியே அறிந்தவர்கள் அங்குள்ளவர்கள்.

மற்றொன்றும் எனக்கு வியப்பளித்தது. யாரோ ஓர் உழவர், எங்கோ ஒரு சிற்றூரிலிருந்து நடந்து வந்து, மடியை அவிழ்த்து ஒரு காசை உண்டியலில் இடுகிறார். அதில் ஒரு துளி, நான் அமர்ந்து படிக்கும் பலகையாக மாறுகிறது. இந்தப் பற்றையும் வரவையும் எந்தப் பேரேட்டில் எழுதுவது?

நிற்க. எங்களுக்குக் கணக்குப்பதிவியல் கற்பித்த பேராசிரியர் கரும்பலகையை அதிகம் நம்பாதவர். வெனிசு நகரில் 1494-இல் லூக்கா பசியோலி என்னும் துறவி இரட்டைப் பதிவுமுறையை நூலாக அச்சிட்டதை அவர் கூறுவார். அதே மூச்சில், நம் நகரத்தார் பெட்டியடியில் அமர்ந்து ஐந்தொகை எடுத்த திறத்தையும் கூறுவார். இரண்டாம் ஆண்டுத் தொடக்கத்தில் எங்களுக்கு ஒரு வேலை தந்தார். “உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு தொழிலின் உண்மைக் கணக்கை எழுதிக்கொண்டு வாருங்கள். அச்சிட்ட புத்தகத்திலிருந்து ஓர் எண்கூட வரலாகாது” என்றார்.

நண்பன் ஒருவன் பஞ்சாமிர்தக் கடையை எடுத்துக்கொண்டான். வாழைப்பழம், சர்க்கரை, நெய், தேன், ஏலம் என்று ஒவ்வொன்றாக அடக்கவிலை கண்டுபிடிக்க அவன் கடைகடையாக அலைந்தது ஒரு தனிக் கதை. அவன் மூலமாகத்தான், எங்கள் மலையில் விளையும் விருப்பாச்சிப் பழத்துக்குக் கடைக்காரர்கள் ஏன் இத்தனை ஆவலாக இருக்கிறார்கள் என்பது எனக்கு விளங்கிற்று. அப்பழத்தில் நீர் குறைவு, மணம் மிகுதி; பிசைந்த பஞ்சாமிர்தம் நெடுநாள் கெடாமல் நிற்பதற்கு அதுவே துணை. விருப்பாச்சி என்பது மலையடிவாரத்து ஊர். ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற பாளையக்காரர் கோபால நாயக்கரின் ஊர் அது. பிறந்தது முதல் அந்தப் பழத்தைத் தின்று வளர்ந்த எனக்கு, அதன் பெருமையை ஒரு பட்டணத்துப் பையன் சொல்லவேண்டியிருந்தது!

நான் எங்கள் தோட்டத்தையே எடுத்துக்கொண்டேன். விடுமுறைக்கு ஊர் சென்றபோது, என் தந்தையார் பழைய பிஸ்கட் தகரத்தில் போட்டு வைத்திருந்த மண்டிச் சீட்டுகளைத் தரையில் பரப்பினேன். 100 ரூபாய்க்குத் தார் விற்றால், தரகு, லாரி வாடகை, குதிரைக் கூலி, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி எல்லாம் போகக் கைக்கு வந்தது 55 ரூபாய். அதிலும் மண்டிக்காரர் முன்பணமாகத் தந்ததற்கு ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்வார். இது வரையில் எனக்கு வியப்பில்லை. பிறகு, பெறுபவரைப் பற்றில் எழுது, தருபவரை வரவில் எழுது என்ற விதியை நினைத்துக்கொண்டு, தந்தவர்கள் யார் யார் என்று பார்த்தேன். களை எடுத்தவர் அம்மா. தார் வெட்டியவர் அப்பா. குதிரைக்குப் புல் அறுத்தது தங்கை. இம்மூவர் பெயரும் எந்தச் சீட்டிலும் இல்லை. அவர்களுக்கு ஊரில் நிலவிய கூலியை மட்டும் எழுதிக் கூட்டினேன். எங்கள் தோட்டம் நட்டத்தில் நடந்துகொண்டிருந்தது.

ஆனால் என்னைத் திடுக்கிட வைத்தது அதுவன்று. தார்களை ஆண்டு வாரியாக எண்ணியபோது 1,140 என்றும், 960 என்றும், 730 என்றும், 610 என்றும் இறங்கிக்கொண்டே வந்தது. “மழை குறைவு” என்று ஒவ்வோர் ஆண்டும் அப்பா சொல்லி வந்தார். மழை நன்றாகப் பெய்த ஆண்டிலும் எண் குறைந்திருந்ததைச் சீட்டு காட்டிற்று.

அது முடிக்கொத்து நோய். வாழையின் இலைகள் விரியாமல் குறுகி, உச்சியில் ஒரு கொத்தாக நிமிர்ந்து நின்றுவிடும். இலைக்காம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், தந்திக் குறிகளைப் போலக் கரும்பச்சைப் புள்ளியும் கோடும் தெரியும். அத்தகைய வாழை குலை தள்ளுவது அரிது. ஒரு நச்சுயிரி அதற்குக் காரணம். அதைச் செடிக்குச் செடி சுமந்து செல்வது கடுகினும் சிறிய அசுவினிப் பூச்சி. மலைவாழையை ஆண்டுதோறும் நடுவதில்லை. ஒரு தூரிலிருந்து கன்று மேல் கன்றாகத் தலைமுறை கடந்தும் காய்த்துக்கொண்டிருக்கும். ஆகவே ஒரு தூரில் நோய் புகுந்தால், அதன் பின் வரும் கன்றுகள் அனைத்தும் நோயோடே பிறக்கும். எழுபதுகளிலிருந்து இந்நோய் கீழ்ப் பழனி மலையின் வாழைத் தோட்டங்களில் பெரும்பகுதியை அழித்துவிட்டது.

தடியன்குடிசையில் உள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திற்குச் சென்று கேட்டேன். மருந்தில்லை, நோய்கண்ட தூரைக் கிழங்கோடு தோண்டித் துண்டாக்கி அழிப்பது ஒன்றே வழி என்றார்கள். எங்கள் தோட்டத்தில் மூன்றில் ஒரு பங்குத் தூர்களில் அந்தக் குறி இருந்தது.

“அரைகுறையாகவாவது காய்க்கிற மரத்தை எவனாவது வெட்டுவானா?” என்றார் அப்பா.

நான் கணக்கு எழுதினேன். ஒரு பக்கத்தில், வெட்டாமல் விட்டால் அடுத்த ஐந்தாண்டில் வரும் வருவாய். மறுபக்கத்தில், இப்போதே வெட்டினால் வரும் வருவாய். முதல் இரண்டாண்டு வெட்டாத பக்கமே மேலாக நின்றது. மூன்றாம் ஆண்டில் தராசு மாறியது. ஐந்தாம் ஆண்டில் இரண்டுக்கும் ஒப்பே இல்லை. அப்பாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் எண்களை என்னைவிட விரைவாகப் படிப்பார். நெடுநேரம் அந்தத் தாளைப் பார்த்திருந்துவிட்டு, “பக்கத்துத் தோட்டத்தை எங்கே எழுதியிருக்கிறாய்?” என்று கேட்டார். அது நம் கணக்கில் வராது என்றேன். அவர் மேலே பேசவில்லை.

1990-ஆம் ஆண்டு கோடையில் முந்நூறுக்கும் மேற்பட்ட தூர்களைத் தோண்டினோம். அம்மா நட்டு வைத்தவை பல அவற்றில் இருந்தன. கடப்பாரையை நானும் பிடித்தேன். அம்மா மட்டும் அன்று தோட்டத்துப் பக்கம் வரவில்லை. பக்கத்துத் தோட்டக்காரரிடம் அப்பாவே சென்று பேசிப் பார்த்தார். அவர் மண்டியில் எங்களைவிட அதிக முன்பணம் வாங்கியிருந்தார். தார் இறக்காவிட்டால் கடனைக் கேட்பார்களே என்று அஞ்சினார். அவர்மீது குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? அவருடைய கணக்கும் சரியான கணக்குத்தான்.

கல்லூரியில் என் கட்டுரைக்கு முதல் மதிப்பெண் கிடைத்தது. வகுப்பின் முன் என்னைப் படிக்கச் சொன்னார்கள், கைதட்டல்கூடக் கிடைத்தது. 1991-இல் பட்டம் பெற்றேன். 1993-இல் எங்கள் தோட்டத்தில் ஒரு வாழைகூட நலமாக இல்லை. அசுவினிக்கு வேலி தெரியுமா?

அதற்குப் பிறகு பல ஆண்டுகள் கழித்து, ஆஸ்திரேலியாவில் இதே நோய் வந்த வரலாற்றைப் படித்தேன். அங்கு நியூ சவுத் வேல்சின் வடபகுதியிலும் குவீன்ஸ்லாந்தின் தென்பகுதியிலும் 1920-களின் நடுவில் வாழைத்தொழில் ஏறக்குறைய அழிந்தே போயிற்று. மாகீ என்னும் ஆராய்ச்சியாளர் அசுவினியே நோயைப் பரப்புகிறது என்று நிறுவினார். பின்னர் நோயுற்ற வாழையை அகற்றவேண்டும், நோயற்ற கன்றையே நடவேண்டும் என்று சட்டம் இயற்றினார்கள். தோட்டந்தோறும் சென்று பார்வையிட ஆட்களையும் நியமித்தார்கள். தொழில் மீண்டது. மருந்து அவர்களிடமும் இருக்கவில்லை. எங்களிடம் இருந்த அதே கடப்பாரைதான் அவர்களிடமும் இருந்தது. ஆனால் எல்லோரும் ஒரே காலத்தில் அதை எடுத்தார்கள். என் அழகான ஐந்தொகையில் விட்டுப்போன வரி எது என்பது அன்றைக்கு எனக்குப் புரிந்தது. கடப்பாரை எடுப்பதற்கு முன்பே அதை அப்பா கேட்டிருந்தார்.

வாழை போன பிறகு காப்பியும் மிளகுமே எங்களுக்குச் சோறு போட்டன. நான் ஒட்டன்சத்திரத்தில் ஒரு கூட்டுறவு அமைப்பில் கணக்கெழுதும் வேலைக்குச் சென்றேன். இதற்கிடையே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நோயற்ற மலைவாழைக் கன்றுகளைத் திசுவளர்ப்பு முறையில் உண்டாக்கி, மலைத் தோட்டக்காரர்களுடன் சேர்ந்து மீண்டும் பரப்பத் தொடங்கியது. 2008-இல் விருப்பாச்சி மலைவாழைக்கும், 2019-இல் பழனிப் பஞ்சாமிர்தத்திற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு கிடைத்த செய்தியைப் பத்திரிகையில் படித்துக் காட்டியபோது, “அது பழத்துக்கா, பழம் போடுகிறவனுக்கா?” என்று கேட்டார் அப்பா. இரண்டுக்கும் என்று விளக்க முயன்றேன். அவருக்கு முழு நம்பிக்கை பிறந்ததாகத் தெரியவில்லை.

2009-இல் நாங்கள் மீண்டும் நட்டோம். இம்முறை அப்பா முதலில் கன்று வாங்கவில்லை. சுற்றிலும் உள்ள நான்கு தோட்டக்காரர்களை எங்கள் திண்ணைக்கு வரவழைத்தார். முன்பணத்தால் கைகட்டி நிற்கும் நிலை எவருக்கும் வரலாகாது என்று, வெட்ட நேரும் தூருக்கு ஈடுகொடுக்க ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு சிறு பொதுநிதி ஏற்படுத்தினோம். அதன் கணக்கு என் பொறுப்பு. முன்பு கடன் கேட்பார்களே என்று அஞ்சிய அந்தப் பக்கத்துத் தோட்டக்காரரின் மகன் பெட்டிச் சாவியை வைத்திருக்கிறார்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை ஐவரும் ஐந்து தோட்டத்தையும் சேர்ந்தே சுற்றிவருகிறோம். இலைக்காம்பை வெயிலில் பிடித்துப் பார்க்கிறோம். குறிப்பேட்டில் தோட்டத்துக்கு ஒரு பத்தி வீதம் ஐந்து பத்திகள் போட்டிருக்கிறேன். சென்ற மாதம் மூன்று தூர்களில் அந்தப் பச்சைக் கோடு தெரிந்தது. அவற்றுள் இரண்டு எங்கள் தோட்டத்தவை. அன்று மாலை இருட்டுவதற்குள் மூன்றையும் தோண்டிவிட்டோம்.