யாருடைய சொல்லை எழுதச் சொல்கிறோம்?

(சேரிகளில் இரவுப்பள்ளி நடத்தும் தோழர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



சின்னப் பிள்ளைகளுக்கு எழுதச் சொல்லிக்கொடுக்க என்னென்ன வாங்கலாம் என்று கேட்டீர்கள். கடையில் எல்லாம் இருக்கு. புள்ளி வைத்த எழுத்தின் மேல் பென்சிலை ஓட்டுகிற நோட்டு இருக்கு, கட்டுரைப் புத்தகம் இருக்கு. எல்லாமே பார்த்து எழுதுகிற வேலைதான். கை பழக அது கொஞ்ச நாள் வேணும், அவ்வளவுதான்.

கட்டுரைப் புத்தகத்தைத் திறந்தால் 'பசு' வரும். பால் தரும், சாணம் தரும், தெய்வமாக வணங்குகிறோம். யார் வணங்குகிறோம்? மாட்டுக்கறி சமைக்கிற வீட்டுப் பிள்ளை அதை மனப்பாடம் பண்ணிப் பத்துக்கு எட்டு மார்க் வாங்குது. தன் வீட்டை மறைத்து எழுதக் கற்றுக்கொண்டதற்கான மார்க் அது.

நியூசிலாந்தில் மவோரிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன சில்வியா ஆஷ்டன் வார்னர், 1963இல் வெளிவந்த 'டீச்சர்' நூலில் தன் முறையை விவரிக்கிறார். உனக்கு என்ன சொல் வேணும் என்று ஒவ்வொரு பிள்ளையையும் கேட்பார். சொன்னதை அட்டையில் எழுதிக் கையில் கொடுப்பார். மறுநாள் பிள்ளைக்கு அடையாளம் தெரியாத அட்டையைத் தூக்கிப் போட்டுவிடுவார். பேய், முத்தம், பயம் மாதிரியான சொற்கள் ஒரே பார்வையில் ஒட்டிக்கொண்டன. நம்ம தெருவில் கேட்டால் பறை வரலாம், போலீசு வரலாம், அப்பனின் குடி வரலாம். முகம் சுளிக்காமல் எழுதிக் கொடுங்க.

வெளிநாட்டுச் சங்கதி என்பீர்கள். புலே தம்பதியர் புனேயில் நடத்திய பள்ளியில் மூன்று ஆண்டு படித்த மாங் சாதிச் சிறுமி முக்தா, மாங் - மகார் மக்களின் துயரத்தைக் கட்டுரையாக எழுதினாள். 1855இல் 'ஞானோதய' இதழில் அச்சானது. வேதம் எங்களுக்கில்லை என்றால் எங்கள் மதம் எது என்று அதில் கேட்கிறாள். எந்தப் புத்தகத்தைப் பார்த்து எழுதினாள்?

'எங்கம்மா வந்துச்சு' என்று எழுதினால் சிவப்பு மை போடாதீங்க. கீழே 'என் அம்மா வந்தார்' என்று எழுதி, ரெண்டும் தமிழ்தான், பரீட்சைக்கு இது வேணும்னு சொல்லுங்க. மக்கள் மொழி மட்டுமே போதும் என்கிற தோழர்களும் உண்டு. அவங்க பிள்ளைகள் எங்கே படிக்குதுன்னு கேட்கணும்.

ஆக, நாலு கோடு நோட்டு, பென்சில். அட்டைக்குப் பழைய கல்யாணப் பத்திரிகையின் வெற்றுப் பக்கம் போதும். பிள்ளைகள் எழுதியதைத் தைத்துப் புத்தகமாக்க ஊசி, நூல். அடுத்த வருசம் வருகிற பிள்ளைகளுக்கு அதுதான் வாசிப்புப் புத்தகம். மிச்சப் பணத்துக்கு நல்ல டியூப்லைட் ஒன்று மாட்டுங்க.