சங்கப் பலகையும் கட்-ஆஃப் மதிப்பெண்ணும்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மதுரைச் சங்கத்தைப் பற்றிய பழங்கதைகளுள் சங்கப் பலகைக்குத் தனியிடம் உண்டு. தகுதியுடைய புலவர் வந்தால் அப்பலகை நீண்டு இடங்கொடுக்குமாம். ஆகவே தகுதியிருந்தும் இடமில்லை என்னும் நிலை அங்கே எழவில்லை.

இன்றைய பல்கலைக்கழகப் பலகை நீள்வதில்லை. இடங்கள் எண்ணி வைக்கப்பட்டவை. தமிழ்நாட்டுப் பொறியியற் சேர்க்கையில் கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200க்குக் கணக்கிடுகின்றனர். இருவர் ஒரே எண்ணிக்கை பெற்றால் பாட மதிப்பெண்ணும், பிறந்த நாளும் பார்க்கப்படும். அவையும் ஒத்திருப்பின் கணிப்பொறி தரும் சமவாய்ப்பு எண்ணே முடிவு செய்யும். குலுக்கலில் முடியும் ஒரு வரிசையை அறிவின் அளவுகோல் எனக் கொள்ளலாமா?

சேர்வராயன் மலைச் சிற்றூர் மாணவர்க்கு இவ்வினா வெறும் வாதமன்று. ஏற்காட்டில் 1917இல் தோன்றிய மான்ட்போர்ட் போன்ற புகழ்பெற்ற பள்ளிகளும் உண்டு. பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் உண்டு. பின்னவற்றில் பயின்று, தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரியை எண்ணிப் பார்க்கும் மாணவி, சென்ற ஆண்டின் கட்-ஆஃபைக் கேட்டறிகிறாள். தான் எதிர்பார்க்கும் மதிப்பெண் அதற்கு ஒன்றிரண்டு குறைவு. விண்ணப்பிக்காமலே காப்பித் தோட்ட வேலைக்குத் திரும்பிவிடக் கூடும். இழப்பு அங்கேதான் நிகழ்கிறது. ஏனெனில் சென்ற ஆண்டின் கட்-ஆஃப் சட்டமன்று. கடைசி இடம் பெற்றவரின் மதிப்பெண், அவ்வளவே. விண்ணப்பிப்போர் தொகையும் இடங்களும் மாறினால் அதுவும் மாறும்.

மதிப்பெண்ணை முன்கூட்டிக் கணிப்பதும் எளிதன்று. பெருந்தொற்றால் தேர்வு நின்ற 2020இல் இங்கிலாந்தில் ஆசிரியர்கள் கணித்த தரங்களுள் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு, கணக்கீட்டு முறையொன்றால் குறைக்கப்பட்டன. ஆகஸ்ட் 13ஆம் நாள் வெளியான முடிவு 17ஆம் நாளே கைவிடப்பட்டு, ஆசிரியர் கணிப்பு ஏற்கப்பட்டது. தமிழ்நாட்டில் 2021இல் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண், பத்தாம் வகுப்பிலிருந்து 50, பதினொன்றிலிருந்து 20, பன்னிரண்டின் செய்முறை, அகமதிப்பீட்டிலிருந்து 30 விழுக்காடு என வகுக்கப்பட்டது. எண்ணும் மனிதர் வகுத்ததே. மனிதர் மாற்றவும் கூடியதே.

ஈரோட்டில் பிறந்த இராமானுசன் கும்பகோணத்தில் உதவித்தொகையை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. இங்கிலாந்து அறிஞர் சிலருக்கு எழுதியும் பயனில்லை. 1913 சனவரியில் ஹார்டிக்கு எழுதினார். அவ்வாண்டே சென்னைப் பல்கலைக்கழகம், பட்டமற்ற அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. எல்லாரும் இராமானுசர் அல்லர். ஆயினும் மறுபடியும் எழுதிப் பார்த்தல் எல்லார்க்கும் இயலும்.

அதற்கு வழிகளும் உள்ளன. விடைத்தாள் நகல் பெற்று மறுகூட்டல், மறுமதிப்பீடு கோரலாம். கலந்தாய்வில் விரும்பிய பாடத்தை அஞ்சாமல் முதலில் குறிக்கலாம். கிடைக்காவிடினும் அடுத்த விருப்பம் கெடாது. அரசுப் பள்ளி மாணவர்க்கு 2020இல் மருத்துவத்திலும், 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலியவற்றிலும் 7.5 விழுக்காடு ஒதுக்கப்பட்டது. பழங்குடியினர்க்கு 1 விழுக்காடு உண்டு. அதற்கான சான்றிதழைக் கோட்டாட்சியர் வழங்க வேண்டும். மதிப்பெண் போதியிருந்தும் சான்றிதழ் தாமதித்தால் இடம் கைநழுவும். ஆதலின் தேர்வுக்கு முன்பே அதைப் பெறுதல் நலம்.

விண்ணப்பத்தை நிரப்பவும் முறையீட்டை எழுதவும் தமிழ் தேவை. சொல்வன்மை படைத்தோர் நிறைந்த இம்மன்றம், ஆண்டுதோறும் முடிவு வெளியாகும் வாரத்தில் மலைச் சிற்றூர்ப் பிள்ளைகளோடு ஒரு நாள் அமர்ந்து எழுதிக் கொடுத்தால், இவ்வூரின் பலகை சற்றேனும் நீளும். பதினோராம் ஆண்டின் முதற்பணியாக இதனை மன்றம் மேற்கொள்ளுமாக.