விசா யார் கையில்?

(காரோட்டில் கூடிய புலம்பெயர் தொழிலாளர் குடும்பங்களிடையே நம் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எல்லைக் கோட்டைப் பற்றி நமக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றங்கரை வட்டத்து மக்களாகிய நாம் கேரளத்தில் நின்றோம். அண்ணன் வீடு அந்தப் பக்கம், தங்கை வீடு இந்தப் பக்கம் என்றாயிற்று. அந்தக் கோடு ரேஷன் கார்டைப் பிரித்தது. பள்ளிப் பாடத்தைப் பிரித்தது. ஆனால் பெண் கொடுப்பதையும் எடுப்பதையும் அதனால் தடுக்க முடியவில்லை. களியக்காவிளைச் சந்தைக்குப் போய் வருவதுபோல இன்றும் சம்பந்தம் செய்து கொண்டுதான் இருக்கிறோம்.

கடலுக்கு அப்பால் உள்ள கோடு அப்படிப்பட்டதல்ல. அங்கே தாலி கட்டிய மனைவியோடு ஒரு கூரையின் கீழ் வாழ்வதற்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். நீண்ட நாள் தங்கும் விசா என்றதும் எத்தனை ஆண்டு, எவ்வளவு செலவு என்று மட்டுமே கேட்கிறோம். அதற்கு முன் வேறு மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். இந்த விசா யாரை நம்பி நிற்கிறது? எது நின்றால் இதுவும் முடிந்துபோகும்? முடிந்த பின் நம் கையில் என்ன இருக்கும்? இந்த மூன்றுக்கும் விடை தெரியாமல் பணம் கட்டுவது, ஆழம் பார்க்காமல் ஆற்றில் இறங்குவதாகும்.

முதலில் திருமணத்தை எடுத்துக்கொள்வோம். 'மாப்பிள்ளை துபாயில்' என்ற ஒரே சொல்லில் மயங்கி நிச்சயம் செய்து விடுகிறோம். மாப்பிள்ளை மனைவியை அழைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்பவர் எத்தனை பேர்? ஐக்கிய அரபு எமிரேட்சில் 2019-இல் கொண்டுவந்த விதிப்படி, குடும்பத்தை அழைக்க மாதச் சம்பளம் 4,000 திர்ஹாம் இருக்க வேண்டும். அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும் வேண்டும். குவைத்து 2024 ஜனவரியில் அந்த வரம்பை 800 தினார் ஆக்கியது. முகாமில் பத்துப் பேரோடு படுத்துறங்கும் கம்பி கட்டும் தொழிலாளிக்கு இதெல்லாம் எட்டாக் கனி. அவன் மணம் முடித்த பெண் இரண்டு ஆண்டுக்கு ஒரு மாதம் மட்டுமே கணவனைக் காண்பாள். அதை முன்பே அறிந்து பெண்ணும் சம்மதித்தால் அது வேறு. அறியாமல் தலையாட்டச் செய்வது அநீதி.

அழைத்துக்கொண்ட பின்பும் நிம்மதி உறுதியில்லை. சவூதி அரசு 2017 ஜூலையில், உடன் வாழும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் விதித்தது. ஆண்டுதோறும் ஏறி 2020-இல் அது 400 ரியால் ஆயிற்று. மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் ஆண்டுக்கு 14,400 ரியால்! பல தொழிலாளர்கள் குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டு மீண்டும் தனி ஆளாய் நின்றார்கள். பிரிட்டனும் இதற்கு விதிவிலக்கல்ல. மனைவியையோ கணவனையோ அழைக்க ஆண்டு வருமானம் 18,600 பவுன் போதும் என்றிருந்ததை 2024 ஏப்ரலில் 29,000 பவுன் ஆக்கினார்கள்.

இன்னொன்றையும் பெண்ணைப் பெற்றவர்கள் காதில் போட்டு வைக்கிறோம். வளைகுடாவில் தொழிலாளியின் விசா முதலாளியை நம்பி நிற்கிறது. மனைவியின் விசா கணவனை நம்பி நிற்கிறது. அவன் வேலை போனால் இவள் விசாவும் போகும்; அவன் மனம் மாறினாலும் போகும். எமிரேட்சு அரசு 2018-இல், கணவனை இழந்த பெண்ணும் மணமுறிவு பெற்ற பெண்ணும் ஓராண்டு தங்க வழி செய்தது. பிரிட்டனில் கணவனின் கொடுமையால் பிரிந்த மனைவி தன் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம். இவை பெண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவள் பாஸ்போர்ட் அவள் பெட்டியில் இருக்க வேண்டும்; திருமணச் சான்றின் ஒரு படி தாய்வீட்டில் இருக்க வேண்டும்.

திருமணச் சான்று என்றதும் நம் எல்லைத் தொல்லை வந்துவிடுகிறது. காரோட்டில் திருமணம் நடந்தால், கேரளத்தின் 2008-ஆம் ஆண்டு விதிகளின்படி 45 நாளுக்குள் பஞ்சாயத்தில் பதிய வேண்டும். களியக்காவிளையில் நடந்தால் தமிழ்நாட்டின் 2009-ஆம் ஆண்டுச் சட்டம். 90 நாள் தவணை. எந்த மாநிலம் சான்று கொடுத்ததோ அந்த மாநிலமே அதை உறுதிப்படுத்த வேண்டும். பிறகு ஓமான், பஹ்ரைன், சவூதி செல்வோருக்கு அப்போஸ்டில் முத்திரை. எமிரேட்சு செல்வோருக்கு டெல்லி வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரையும் அந்நாட்டுத் தூதரக முத்திரையும். பந்தலுக்குப் பணம் ஒதுக்கும்போதே இதற்கும் ஒதுக்குங்கள். மலையாளப் பள்ளிச் சான்றில் ஒரு பெயர், தமிழ் ஞானஸ்நானச் சான்றில் வேறு பெயர் என்றிருந்தால் இப்போதே திருத்துங்கள்.

அடுத்து படிப்பு. பத்து சென்ட் நிலத்தை அடகு வைத்துப் பிள்ளையை அனுப்பும் வீடுகள் இன்று நம்மிடையே பெருகிவிட்டன. கனடா, படிப்புக் கட்டணமும் பயணச் செலவும் போகத் தனி மாணவர் ஒருவரின் பிழைப்புச் செலவுக்குக் காட்ட வேண்டிய தொகையை 10,000 டாலரிலிருந்து 2024 ஜனவரியில் 20,635 டாலராக்கியது. 2025 செப்டம்பரில் 22,895 டாலராக்கியது. 'மகளைப் படிக்க அனுப்பு, மருமகனும் கூடவே போய் வேலை பார்க்கலாம்' என்று சொல்லிப் பணம் பறித்த முகவர்கள் உண்டு. பிரிட்டன் 2024 ஜனவரி முதல் ஆராய்ச்சிப் படிப்பு முதலிய சிலவற்றுக்குத் தவிர மாணவர் குடும்பத்துக்குக் கதவை மூடிவிட்டது. படிப்பு விசா படிப்பதற்கே என்று நம்புங்கள். பகுதி நேர வேலையில் கடன் அடையும் என்று கணக்குப் போடாதீர்கள்.

மூன்றாவது, முதுமை. ஓய்வுக்கால விசா என்று விளம்பரம் வருகிறதே, அது நமக்கானதா? எமிரேட்சு 2018-இல் அதை அறிவித்தபோது கேட்டது என்ன? வயது 55, சேமிப்பு பத்து லட்சம் திர்ஹாம், அல்லது இருபது லட்சம் திர்ஹாமுக்குச் சொத்து, அல்லது மாத வருமானம் 20,000 திர்ஹாம். அந்தக் கட்டடங்களை எழுப்பிய கைகளுக்கு அங்கே கிழப்பருவம் கிடையாது. உழைப்பு வேண்டும், உழைத்தவன் வேண்டாம் என்பதே இதன் பொருள்! தமிழனுக்கு இது புதிதல்ல. இலங்கைத் தேயிலை மலைகளைச் செழிக்க வைத்தவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று 1964-இல் இரண்டு பிரதமர்கள் கையெழுத்திட்டார்கள். அந்த மக்களைக் கேட்டா செய்தார்கள்?

ஆகவே நம் முதுமைக்கு நாமே இப்போதிருந்து வழி தேட வேண்டும். கேரளப் பிரவாசி நல வாரியத்தில் வெளிநாட்டில் இருப்பவர் மாதம் 350 ரூபாயும் திரும்பி வந்தவர் 200 ரூபாயும் செலுத்தும்படி வைத்திருக்கிறார்கள். குறைந்தது ஐந்து ஆண்டு செலுத்தியவருக்கு 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம். 2022 ஏப்ரலில் அது 3,500 ரூபாய், 3,000 ரூபாய் என உயர்ந்தது. 60 வயது ஆன பிறகு சேர முடியாது. எமிரேட்சில் வேலை செய்வோர் பணிக்கொடையையும் விட்டுவிடக் கூடாது. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள், அதன் பின் 30 நாள் அடிப்படைச் சம்பளம் சட்டப்படி உரியது. ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் குறைவாக எழுதப்பட்டிருந்தால் இங்கேதான் இழப்பீர்கள். கையெழுத்திடுமுன் பாருங்கள்.

தோழர்களே, எச்சரிக்கையாக இருப்பது மட்டும் போதாது, கேட்கவும் வேண்டும். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுத இடம் தருகிறது. அப்படியானால் சான்றுக்கும் நலவாரியத்துக்கும் உரிய படிவங்களை எல்லைக் கிராமங்களில் தமிழில் தர வேண்டும் என்கிறோம். சான்று உறுதிப்படுத்தும் முகாமைப் பாறசாலையில் நடத்த வேண்டும் என்கிறோம். கணவன் ஒரு மாநிலம், மனைவி ஒரு மாநிலம் என்ற குடும்பத்தை இரு மாநில நலவாரியங்களும் ஒன்றைக் காட்டி மற்றொன்று தட்டிக்கழிக்கக் கூடாது என்கிறோம்.

இன்று வீட்டுக்குப் போனதும் பெட்டியைத் திறந்து விசாவை எடுத்துப் பாருங்கள். அது யாரை நம்பி நிற்கிறது என்று பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். தெரியாததை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து படிப்போம், சேர்ந்தே கேட்போம்.