மூலிகைச் சாறு குடிக்கிறீர்களா? மருத்துவரிடம் சொல்லுங்கள்



பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ உள்ள நாட்டு மருந்துக் கடைக்குப் போனால் சிறுகுறிஞ்சான் பொடியும் ஆவாரம்பூவும் வெந்தயமும் கிடைக்கும். "இனிப்புநீருக்கு நல்லது" என்று அவற்றை வாங்கிச் செல்வோர் நம்மில் பலர். அவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால், கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு மூலிகையை மட்டும் நம்புவது ஆபத்து. அது ஏன் என்று பார்ப்போம்.

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடாக இருந்தது, ஏறக்குறைய மூவரில் ஒருவர். கொலஸ்ட்ரால் அதிகமுள்ள பெரியவர்கள் அப்போது 38.1 விழுக்காடாக இருந்தனர்.

செடியிலிருந்து நல்ல மருந்து வராதா? வரும். நீங்கள் உண்ணும் மெட்ஃபோர்மின் மாத்திரையின் கதை, ஐரோப்பாவில் வளரும் கலேகா என்ற செடியில் தொடங்கியது. அச்செடியில் இருந்த பொருள் சர்க்கரையைக் குறைத்தது. ஆனால் நச்சுத்தன்மையும் கொண்டிருந்தது. அதற்கு நெருக்கமான, பாதுகாப்பான மெட்ஃபோர்மினை 1957இல் பிரெஞ்சு மருத்துவர் ஜான் ஸ்டெர்ன் நீரிழிவுக்குப் பரிந்துரைத்தார். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துகளுக்கும், 1970களில் ஜப்பானியர் அகிரா எண்டோ ஒரு பூஞ்சணத்தில் கண்டெடுத்த பொருளே வழிகாட்டியது. இரண்டையும் மருந்தாக்கியது சோதனைதான்.

அந்தச் சோதனை எப்படி நடக்கிறது? முதலில், அது சரியான செடிதானா என்று உறுதி செய்வார்கள். பிறகு சாறு எடுப்பார்கள். நீரில் இறங்கும் சத்து வேறு, சாராயத்தில் இறங்கும் சத்து வேறு. ஆகவே ஒவ்வொரு முறையும் ஒரே அளவு சத்து இருக்கும்படி தரப்படுத்த வேண்டும். அடுத்து எலிகளுக்குக் கொடுத்து, கல்லீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படுகின்றனவா என்று பார்ப்பார்கள். இவற்றைத் தாண்டிய பிறகே மனிதர்களிடம் சோதனை. சிலருக்குச் சாறு, சிலருக்கு அதே தோற்றமுள்ள வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி அளவை ஒப்பிடுவார்கள். சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாள் வாழ்வதால், அவற்றில் ஒட்டிய சர்க்கரை அத்தனை நாள் நிலவரத்தைக் காட்டும். ஒருநாள் காலையில் விரலைக் குத்திப் பார்த்தால் இது தெரியாது.

பாகற்காயை எடுத்துக்கொள்வோம். செர்டாங்கில் உள்ள புத்ரா மலேசியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 479 பேர் பங்கெடுத்த நான்கு சோதனைகளைத் தொகுத்து 2012இல் ஆராய்ந்தார்கள். நீரிழிவுக்கு மருந்தாகப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு. சிறுகுறிஞ்சானுக்கு 1990இல் சென்னை ஆய்வாளர்கள் நல்ல பலனைக் காட்டினார்கள். ஆனால் சாற்றை உண்டவர்கள் 22 பேர்தான்; அவர்களும் வழக்கமான மாத்திரையோடு சேர்த்தே தொடங்கினார்கள்.

எனவே பாகற்காயைக் கறியாகச் சமைத்து உண்ணுங்கள். மருந்தாக எதையேனும் எடுப்பதானால் இவற்றைக் கவனியுங்கள்:

1. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சர்க்கரை ஏறினாலும் உடனே வலிக்காது. ஆனால் கண்ணும் சிறுநீரகமும் காலும் மெல்லக் கெடும்.

2. மாத்திரையோடு மூலிகைச் சாறும் சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே இனிப்பு நீர் பருகுங்கள். தெளியாவிட்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

3. பெட்டியில் 'எம்ஏஎல்' என்று தொடங்கி 'டி' எழுத்துடன் வரும் பதிவு எண் உள்ளதா என்று பாருங்கள். அப்பொருளின் தரமும் பாதுகாப்பும் பார்க்கப்பட்டுள்ளன என்பதே அதன் பொருள். நீரிழிவைக் குணமாக்கும் என்பதல்ல.

4. "நீரிழிவு அடியோடு குணமாகும்" என்ற விளம்பரத்தை நம்பாதீர்கள். அப்படி விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடுக்கிறது. பதிவில்லாத சில பொருள்களில் டெக்ஸாமெத்தாசோன் போன்ற மருந்துகளை இரகசியமாகக் கலக்கிறார்கள். அது சர்க்கரையை ஏற்றிவிடும்.

மூலிகை உண்பதைச் சொன்னால் மருத்துவர் ஏசுவார் என்று தயங்க வேண்டாம். அது தெரிந்தால்தான் மாத்திரையின் அளவை அவரால் சரியாக முடிவு செய்ய முடியும். அடுத்த முறை கிளினிக் செல்லும்போது, அந்தப் பொடிப் பொட்டலத்தையும் பையில் எடுத்துச் செல்லுங்கள்.