சுவர்த் துளையும் மின்கம்பியும்

மட்டக்களப்பு வாவிக்கரையில் வீசுங் காற்று ஈரமும் உப்புங் கலந்தது. கல்லடியிலே சன்னற் கம்பிகள் விரைவில் துருவேறுவது யாவரும் அறிந்ததே. அத்தகைய காற்று, குளிரூட்டியின் உட்பெட்டியிலுள்ள மின்னிணைப்புகளையும் விட்டுவைக்காது.

குழாயும் மின்கம்பியும் செல்லுஞ் சுவர்த்துளை வெளிப்புறமாகச் சற்றே சரிந்திருத்தல் வேண்டும். கம்பியைத் துளைக்குக் கீழே வளைத்து மேலேற்றினால், மாரிமழை நீர் அவ்வளைவிலேயே சொட்டிவிடும். துளையைச் சிலிக்கோன் பசையால் இருபுறமும் அடைக்காவிடின், ஈரக்காற்று உட்புகுந்து குளிர்ந்த குழாயிலே நீராய்ப் படியும். அவ்வீரம் மின்முனைகளை எட்டினால் செம்பு களிம்பேறும். இணைப்புச் சூடாகித் தீயும் மூளலாம்.

இலங்கையில் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ற்று. ஆதலால் பிரதான ஆளியை நிறுத்தி, மின் இல்லையெனச் சோதித்த பின்னரே கம்பியைத் தொடுதல் வேண்டும். குளிரூட்டிக்குத் தனி மின்சுற்றும் புவித்தொடுப்பும் இன்றியமையாதன. 30 மில்லியம்பியர் கசிவிலே மின்னைத் துண்டிக்கும் ஆளி உயிர்காக்குந் துணையாகும்.

இவ்வேலைகளைத் தகுதிபெற்ற மின்னிணைப்பாளரிடமே ஒப்படைத்தல் வேண்டும். துளையை அடைக்குமுன் கம்பியின் உறை கீறுண்டிருக்கிறதா, இணைப்புகள் இறுகியுள்ளனவா என வீட்டார் அவரிடங் கேட்டறிவது நன்று. அடைத்த பின்னர் சுவருக்குள் நிகழ்வதை எவருங் காண்பதில்லை.