கப்பலைக் காட்டினார்கள், நோய் வேறு வழியில் வந்தது!



2020-ல் கொரோனா பரவியபோது இத்தாலியில் நடந்ததைச் சொல்கிறேன். தேதிகளைக் கவனமாகக் கேளுங்கள். விஷயமே தேதிகளில்தான் இருக்கிறது.

ஜனவரி 31-லேயே சீனாவுடனான விமானப் போக்குவரத்தை இத்தாலி நிறுத்திவிட்டது. எல்லையை மூடச் சொன்னவர்களுக்கு மூடியும் காட்டியாயிற்று. நோய் நின்றதா? மூன்று வாரம் கழித்து, பிப்ரவரி 21-ல், வடக்கே லொம்பார்டி மாநிலத்தின் கொதோஞ்ஞோ என்ற சிற்றூரில் ஓர் உள்ளூர்க்காரருக்கு நோய் உறுதியானது. அவர் சீனாவுக்குப் போனவருமல்ல, அகதியுமல்ல.

லொம்பார்டி அரசின் தலைமையில் இருந்தது யார்? மத்தேயோ சல்வீனியின் லீகா கட்சி! நோய் அவர்கள் வீட்டு வாசலில் நிற்கிறது. சல்வீனியோ தெற்கே, கடலை நோக்கிக் கை நீட்டினார். பிப்ரவரி 23-ல் ஓஷன் வைக்கிங் என்ற மீட்புக் கப்பல், கடலில் தத்தளித்த 276 பேரைச் சிசிலித் தீவில் கொண்டுவந்து சேர்த்தது. இந்த நேரத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்களை இறக்கலாமா, இது பொறுப்பற்ற செயல் என்று கொதித்தார் அவர். அன்றைக்கு ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதிலும் உறுதியான நோயாளி எகிப்தில் இருந்த ஒரே ஒருவர். இத்தாலியிலோ எண்ணிக்கை நூறைத் தாண்டியிருந்தது!

இன்னும் கேளுங்கள். பிப்ரவரி 25-ல் அல்ஜீரியாவின் முதல் நோயாளி கண்டறியப்பட்டார். அவர் ஓர் இத்தாலிக்காரர். பிப்ரவரி 27-ல் நைஜீரியாவின் முதல் நோயாளி. அவரும் மிலான் நகரிலிருந்து போன இத்தாலிக்காரர்தான். யாரிடமிருந்து யாருக்குப் போயிருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்!

அதே 27-ஆம் தேதி சல்வீனி, கடைகளையும் தொழிற்சாலைகளையும் திறக்கச் சொன்னார். கடை மூடிக் கிடந்தால் வயிறு எப்படி எரியும் என்பது வியாபாரிக்குத் தெரியும்; அதை நான் கேலி செய்யவில்லை. ஆனால் படகு என்றால் மூடு, பணம் என்றால் திற என்பது நோய்த் தடுப்பா? மார்ச் 10-க்குள் அவரே, எல்லாவற்றையும் மூடு என்று மாறிப் பேசினார். மார்ச் 18 இரவு லொம்பார்டியின் பெர்காமோ நகரிலிருந்து சவப்பெட்டிகளை ராணுவ லாரிகள் ஏற்றிச் சென்றன.

மே மாதம் வந்தது. எல்லைகள் மூடிக் கிடந்ததால் அறுவடைக்கு ஆளில்லை. ஆவணமில்லாத வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு வேலை அனுமதி கொடுக்க அரசாங்கமே சட்டம் கொண்டுவந்தது. லீகா அதையும் எதிர்த்தது. தக்காளி வேண்டும், பறிக்கிறவன் மட்டும் கண்ணில் படக்கூடாது!

சுமார் 2 லட்சத்து 7 ஆயிரம் விண்ணப்பங்கள் வந்தன. அவற்றில் பெரும்பாலானவை வயல் வேலைக்கானவை அல்ல. இத்தாலியர்களின் வீடுகளில் சமைக்கவும் துடைக்கவும், அவர்களுடைய வயதான தாய் தந்தையரைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளவும் வந்தவர்களுக்கானவை.